பத்து நொடியில் அவருக்கு எப்படித் தெரிந்தது?

கேள்வி:

ஐயா, நான் மெக்கானிக்கல் டிசைன் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் ஒரு மோட்டாரைத் தாங்க பிராக்கெட் வரையச் சொன்னார்கள். மோட்டாரும் அடித்தகடும் சேர்த்து 100 கிலோ. பிராக்கெட் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 50 கிலோ. தூணிலிருந்து 400 மி.மீ. நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கையிருப்பில் 50×10 மி.மீ. ஃபிளாட் (எஃகுப் பட்டை) இருந்தது. மேலே போல்ட் போட வசதியாக அதைக் கிடத்தி வரைந்தேன். தாங்குமா என்று ஏஐ சாட்பாட்டிடம் அளவுகளைக் கொடுத்துக் கேட்டேன். நுனியில் தொய்வு அரை மி.மீ., ஸ்ட்ரெஸ் (உலோகத்துக்குள் வரும் தகைவு) 48 மெகாபாஸ்கல், சேஃப்டி ஃபேக்டர் 5-க்கு மேல், அதாவது தேவையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் பலம், தாராளமாகத் தாங்கும் என்று ஃபார்முலாவோடு படிப்படியாக எழுதிக் கொடுத்தது. "உறுதியா?" என்று கேட்டேன். "ஆம், மறுபடியும் சரிபார்த்துவிட்டேன்" என்றது. டிராயிங்கைக் கொண்டுபோய்க் காட்டினால், எங்கள் சீனியர் பார்த்தவுடனே "இது தொங்கிடும்ப்பா" என்றார். கால்குலேட்டரைக்கூடத் தொடவில்லை. திரும்பி வந்து "தப்பு என்கிறார்களே" என்று சாட்பாட்டிடம் சொன்னேன். உடனே மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறொரு எண்ணைக் கொடுத்தது. அதுவும் தப்பு. எனக்கு அவமானமாக இருக்கிறது. இனி அதைத் தொடவே கூடாதா? எந்த சாட்பாட்டை நம்பலாம்? அவருக்கு மட்டும் எப்படிப் பத்து நொடியில் தெரிந்தது?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் கேட்ட மூன்றில் கடைசிக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு பிளாஸ்டிக் அடிஸ்கேலை எடுத்து, ஒரு பாதியை மேசைமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுபாதியை வெளியே நீட்டுங்கள். நுனியை விரலால் அழுத்துங்கள். சுலபமாக வளையும். இப்போது அதே ஸ்கேலைத் திருப்பி, விளிம்பு மேலே வரும்படி நிறுத்திப் பிடித்துக்கொண்டு, அதே அளவு அழுத்துங்கள். இறங்கவே இறங்காது. ஸ்கேல் அதுதான், நீளம் அதுதான், விரலும் அதுதான். கிடத்தினோமா, நிறுத்தினோமா என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது.

உங்கள் விஷயத்தில் நடந்ததும் இதுதான். உங்கள் அளவுகளை நானும் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். செவ்வகப் பட்டையின் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா (வடிவத்தால் அது வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்பதன் அளவு), அகலத்தை உயரத்தின் கனத்தால் பெருக்கி 12-ஆல் வகுத்தால் வருவது. பட்டையைக் கிடத்தினால் உயரம் 10. மதிப்பு ஏறக்குறைய 4,167. நிறுத்தினால் உயரம் 50; மதிப்பு 1,04,167. சரியாக 25 மடங்கு. 50 கிலோவை 500 நியூட்டன் என்றும், எஃகின் மீள்மைக் குணகத்தை 2 லட்சம் மெகாபாஸ்கல் என்றும் வைத்துக்கொண்டால், நிறுத்தி வைத்த பட்டை நுனியில் 0.51 மி.மீ. இறங்கும், ஸ்ட்ரெஸ் 48 வரும். சாட்பாட் உங்களுக்குச் சொன்ன அதே எண்கள். கிடத்தி வைத்தால் 12.8 மி.மீ. இறங்கும், ஸ்ட்ரெஸ் 240. சாதாரண மைல்டு ஸ்டீல் 250-ஐ ஒட்டி ஈல்டு ஆகிவிடும், அதாவது வளைந்தது திரும்ப நிமிராது. தூணோடு சேரும் இடத்தில் வெல்டிங் வேறு இருக்கிறது, மோட்டார் வேறு ஓடப்போகிறது. உங்கள் சீனியர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

அப்படியானால் சாட்பாட் கணக்கில் தப்புச் செய்ததா? இல்லை. கணக்கில் ஒரு பிழையும் கிடையாது. ஆனால் அது நீங்கள் வரைந்த பிராக்கெட்டின் கணக்கு இல்லை. "50×10 ஃபிளாட்" என்று மட்டும் நீங்கள் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எது அகலம், எது உயரம் என்று சொல்லவில்லை. பக்கத்து மேசையில் இருக்கும் ஒருவரிடம் இதையே கேட்டிருந்தால், அவர் வாயிலிருந்து முதலில் வருவது "கிடத்தியா, நிறுத்தியா?" என்பதாகத்தான் இருக்கும். சாட்பாட் அதைக் கேட்கவில்லை. தானாகவே ஒன்றை எடுத்துக்கொண்டு, எடுத்துக்கொண்டதைச் சொல்லாமல், அழகாகக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டது. எனக்கு இதில் கவலை தருவது தப்பான எண் இல்லை, கேட்கப்படாமல் போன அந்தக் கேள்விதான்.

அதோடு முடியவில்லை. பட்டையை நிறுத்தியே வைத்திருந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அரை மி.மீ. தொய்வு, 48 மெகாபாஸ்கல், எல்லாம் சரி. ஆனால் மேலே உட்காரப்போவது மோட்டார். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் நான்கு துருவ இண்டக்‌ஷன் மோட்டார் என்றால் லோடில் ஏறக்குறைய 1,440 ஆர்.பி.எம்., அதாவது நொடிக்கு 24 சுற்று. நிலையான சுமையில் ஒன்று எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்தால், அது எந்த வேகத்தில் ஆட விரும்பும் என்பதும் தெரிந்துவிடும். 0.51 மி.மீ. இறங்கும் பிராக்கெட்டின் இயல்பு அதிர்வெண் நொடிக்கு 22. மோட்டார் 24, பிராக்கெட் 22. இரண்டும் இவ்வளவு பக்கத்தில் இருந்தால் அதிர்வு ஏறிக்கொண்டே போகும், போல்ட் தளரும், கொஞ்ச நாளில் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விழும். சேஃப்டி ஃபேக்டர் 5 என்ற வாக்கியம் அப்போதும் அந்தப் பக்கத்தில் அப்படியே இருக்கும். கிடத்தி வைத்த பிராக்கெட்டுக்கு அதிர்வெண் 4.4 வருகிறது. அது ஒவ்வொரு முறை ஸ்டார்ட் ஆகும்போதும் நிற்கும்போதும் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் அடங்கும். பெல்ட் இழுவை இருந்தால் அது தனிக் கணக்கு. நிறுத்திய பட்டையைப் பக்கவாட்டில் தள்ளினால், கிடத்திய அடிஸ்கேல் போலச் சுலபமாக வளையும். பட்டைக்குக் கீழே, தூணோடு சேரும் மூலையில் ஒரு முக்கோண கஸெட் (தாங்கு தகடு) கொடுத்து, அதோடு சேர்த்து மறுபடி கணக்குப் போடுங்கள். பட்டையின் தடிமனைக் கூட்டிக்கொண்டே போவதைவிட அது நல்ல வழி.

சரி, சீனியருக்கு எப்படித் தெரிந்தது? அவர் கணக்குப் போடவில்லை. டிராயிங்கைப் பார்த்தவுடன் 400 நீளம், 10 தடிமன் என்பது கண்ணில் பட்டிருக்கும். நீளம் தடிமனைப் போல் 40 மடங்கு. நுனியில் ஒரு ஆளின் எடை. அந்த விகிதத்தில் ஒரு பட்டை என்ன செய்யும் என்பதை அவர் ஷாப் ஃப்ளோரில் பலமுறை பார்த்திருப்பார். அவர் மனதில் விடையின் அளவு முதலில் வந்துவிட்டது, "சென்டிமீட்டர் கணக்கில் இறங்கும்" என்று. அப்புறம்தான் அவர் உங்கள் தாளில் இருந்த அரை மி.மீட்டரைப் பார்த்தார். நீங்கள் விடையை முதலில் பார்த்தீர்கள், அதோடு ஒப்பிட உங்களிடம் ஒன்றும் இல்லை. உங்களுக்கும் அவருக்கும் இருக்கும் வித்தியாசம் இவ்வளவுதான். இதில் அவமானப்பட ஒன்றுமில்லை. பழகினால் வந்துவிடும்.

பழகுவதற்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். எதையும் கேட்பதற்கு முன்னால், எந்த சாஃப்ட்வேரையும் திறப்பதற்கு முன்னால், விடை எந்த அளவில் இருக்கும் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். பேனாவால், தாளில், தேதி போட்டு. "1 மி.மீட்டருக்குள்" அல்லது "1 செ.மீ. பக்கம்" என்ற அளவுக்கு இருந்தால் போதும். தப்பாக இருந்தாலும் எழுதுங்கள். எழுதியது தப்பாகும்போது ஏன் தப்பானது என்று தேடுவீர்கள் அல்லவா, கற்றுக்கொள்வது அந்தத் தேடலில்தான். மனதுக்குள் மட்டும் நினைத்துக்கொண்டால், விடையைப் பார்த்தவுடன் "நானும் இதைத்தான் நினைத்தேன்" என்று மனம் மாற்றிக்கொள்ளும்.

அதோடு எது எப்படி ஏறும், இறங்கும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நுனியில் சுமை உள்ள கான்டிலீவரில் (ஒரு முனை மட்டும் பிடித்து, மறுமுனை நீட்டிக்கொண்டிருக்கும் பட்டையில்) நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு எட்டு மடங்கு. தடிமன் இரண்டு மடங்கானால் தொய்வு எட்டில் ஒரு பங்கு. அகலம் இரண்டு மடங்கானால் பாதிதான் குறையும். இந்த மூன்றும் விரல் நுனியில் இருந்தால் "50×10" என்று டைப் செய்யும்போதே எது தடிமன் என்று சொல்லாமல் உங்களால் இருக்க முடியாது.

இனி அந்த "உறுதியா?" விஷயத்துக்கு வருகிறேன். சாட்பாட்டுகளின் உள்ளே இருப்பது மொழி மாதிரி (லாங்குவேஜ் மாடல்) என்ற நிரல். கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, இதுவரை எழுதியதற்கு அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கணித்து எழுதுவது. இன்று பலவற்றில் கணக்கை நிரலாக எழுதி ஓட்டிப் பார்க்கும் வசதியும் சேர்ந்திருக்கிறது. அதனால் கூட்டல் பெருக்கல் பிழை குறைந்திருக்கிறது. ஆனால் "சரிபார்த்துவிட்டேன்" என்று அது எழுதினால், உண்மையில் திரும்பப் போய்ச் சரிபார்த்தது என்று பொருள் இல்லை. "உறுதியா?" என்ற கேள்விக்கு அடுத்து இயல்பாக வரக்கூடிய வாக்கியம் அது. நீங்கள் "தப்பு என்கிறார்களே" என்றதும் மன்னிப்புக் கேட்டதும் அப்படித்தான். எங்கே தப்பு என்று அதற்குத் தெரிந்திருந்தால் இரண்டாவது விடை சரியாக இருந்திருக்கும். கேட்பவரின் பக்கம் சாய்வது இந்தக் கருவிகளிடம் எல்லோரும் பார்க்கும் குணம். சரியான விடை தந்தபோதுகூட, "இல்லையே" என்று நீங்கள் அழுத்திச் சொன்னால் சில நேரம் மாற்றிக்கொள்ளும். வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள்.

2023-இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் இரண்டு வழக்கறிஞர்கள் இதே பள்ளத்தில் விழுந்தார்கள். மனுவில் மேற்கோள் காட்டிய ஆறு முன்தீர்ப்புகள் சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்தவை, ஆறும் இல்லாத வழக்குகள். அவர்களில் ஒருவர் அவற்றில் ஒரு வழக்கு நிஜமா என்று சாட்ஜிபிடியிடமே கேட்டிருந்தார். நிஜம்தான் என்று அது சொல்லியிருந்தது. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. நம் துறையில் முன்தீர்ப்புக்கு இணையானது கோட் புத்தகத்தின் (வடிவமைப்பு விதிகள் அடங்கிய புத்தகத்தின்) பிரிவு எண்ணும் அனுமதிக்கப்பட்ட ஸ்ட்ரெஸ் அட்டவணையும். அவற்றை சாட்பாட் சொன்னால் புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்க்காமல் டிராயிங்கில் ஏற்றாதீர்கள். பிரிவு எண் சரியாக இருந்து, அதற்குள் இருக்கும் விஷயம் வேறாக இருப்பதும் உண்டு. இதில் நான் எந்த விதிவிலக்கும் தரமாட்டேன்.

இது சாட்பாட்டோடு வந்த நோய் என்றும் நினைக்காதீர்கள். இயந்திரம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கைக்கு எங்கள் தலைமுறையும் விலை கொடுத்திருக்கிறது. நார்வேயில் ஸ்லைப்னர் ஏ என்று ஒரு கடல் எரிவாயுத் தளம். அதன் அடிப்பகுதி 24 பெரிய கான்கிரீட் அறைகளை ஒட்டி வைத்தது போன்றது. 1991 ஆகஸ்ட் 23 அன்று ஒரு ஃபியார்டில் (மலைகளுக்கு நடுவே உள்ள குறுகிய கடற்பகுதியில்) அதைச் சோதனைக்காகத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய 65 மீட்டர் ஆழத்தில் ஒரு சுவர் வெடித்துத் தண்ணீர் உள்ளே பாய்ந்தது. இருபது நிமிடத்துக்குள் அந்த அடிப்பகுதி முழுவதும் மூழ்கிப்போனது. அது கடல் தரையில் மோதிய அதிர்ச்சி நிலநடுக்கமானியில் 3 ரிக்டர் அளவுக்குப் பதிவானது. நஷ்டம் 70 கோடி டாலர் அளவில். உயிர்ச்சேதம் இல்லாதது பெரிய விஷயம்.

காரணத்தைத் தேடிப் போனபோது, அந்த அறைகள் சந்திக்கும் இடத்தை ஃபைனைட் எலிமென்ட் மாதிரியில் (பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும் முறையில்) மிகப் பெரிய துண்டுகளாகப் பிரித்திருந்தது தெரிந்தது. அதனால் அங்கே வரும் ஷியர் விசையை (வெட்டுவது போலச் செயல்படும் விசையை) சாஃப்ட்வேர் 47 விழுக்காடு குறைத்துக் காட்டியிருந்தது. அதை நம்பி அமைத்த சுவர் மெல்லியதாகிவிட்டது, உள்ளே போட்ட கம்பியும் போதவில்லை. விபத்துக்குப் பிறகு கவனமாகச் செய்த கணக்கு அந்தச் சுவர் 62 மீட்டரில் உடையும் என்று காட்டியது. உண்மையில் உடைந்தது 65-இல். விடை கிடைக்காத கணக்கு இல்லை அது. முன்பே தனியாக ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த சாஃப்ட்வேர் அப்போதும் நல்ல சாஃப்ட்வேர்தான். இன்றும் உலகம் முழுக்க அதை வைத்து வேலை நடக்கிறது.

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். உங்கள் வயதில் நான் ஒரு டேங்க் ஸ்டாண்டை இதே வகை சாஃப்ட்வேரில் போட்டேன். டேங்க் வைப்பதற்கு முன்பே, தன் எடையிலேயே ஃபிரேம் உடைகிறது என்று திரை முழுக்கச் சிவப்பாக வந்தது. இரண்டு நாள் செக்‌ஷனை மாற்றி மாற்றிப் பெரிதாக்கினேன். சிவப்பு போகவில்லை. மூன்றாம் நாள் என் மேலதிகாரி வந்து நின்று ஒரே கேள்வி கேட்டார். "இந்த ஃபிரேம் எத்தனை கிலோ இருக்கும்?" எனக்குத் தெரியவில்லை. சேனல்களின் நீளத்தைக் கூட்டி, மீட்டருக்கு இத்தனை கிலோ என்று பெருக்கச் சொன்னார். 200 கிலோ வந்தது. அப்புறம் சாஃப்ட்வேரில் நான்கு கால்களின் ரியாக்‌ஷனை, அதாவது ஒவ்வொரு காலும் தாங்கும் சுமையை, கூட்டச் சொன்னார். 200 டன். மில்லிமீட்டர், நியூட்டன் கணக்கில் அடர்த்தியை டன்னில் கொடுக்க வேண்டிய இடத்தில் நான் கிலோவில் கொடுத்திருந்தேன். ஆயிரம் மடங்கு. அவர் திட்டவில்லை. "முதலில் எடையைப் பார், அப்புறம் நிறத்தைப் பார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எந்த மாதிரியைத் திறந்தாலும் நான் முதலில் பார்ப்பது ரியாக்‌ஷன்களின் கூட்டுத்தொகைதான்.

ஆகையால் சாட்பாட்டைத் தொடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நானே பயன்படுத்துகிறேன். புரியாத ஒரு கருத்தை வேறு விதமாக விளக்கச் சொல்ல, எக்செல்லில் நீண்ட ஃபார்முலா எழுத, சாஃப்ட்வேர் காட்டும் பிழைச் செய்திக்கு அர்த்தம் கேட்க, ஒரு பாகம் எந்தெந்த விதங்களில் கெட்டுப்போகலாம் என்று பட்டியல் போடச் சொல்ல. இந்தக் கடைசி வேலையில் அது உண்மையிலேயே கெட்டி. பத்துச் சொன்னால் ஆறு எனக்குத் தெரிந்ததாக இருக்கும், இரண்டு பொருந்தாததாக இருக்கும், மிச்சம் இரண்டு நான் மறந்தே போனதாக இருக்கும். தப்பாகச் சொன்னாலும் எனக்கு நஷ்டமில்லை, பார்த்தவுடன் தள்ளிவிடலாம். விடையைச் சரிபார்க்கும் வேலை விடையைக் கண்டுபிடிக்கும் வேலையைவிட எளிதாக இருக்கும் இடங்களில் தயங்காமல் பயன்படுத்துங்கள். சரிபார்க்கவே முடியாத இடத்தில் அதன் எண்ணை எடுக்காதீர்கள். கம்பெனி டிராயிங்கையும் வாடிக்கையாளர் விவரத்தையும் மட்டும் அனுமதி இல்லாமல் அதில் ஏற்றவேண்டாம்.

கேட்கும் விதத்தையும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். "தாங்குமா?" என்று கேட்காமல், "இதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் உனக்கு என்னவெல்லாம் தெரியவேண்டும்? என்னிடம் கேள்விகளாகக் கேள்" என்று சொல்லுங்கள். உங்கள் பிராக்கெட்டுக்கு இப்படிக் கேட்டிருந்தால், பட்டை எந்தப் பக்கம் என்பதையும் மோட்டார் வேகத்தையும் அது கேட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. என்னென்ன அனுமானம் எடுத்தது என்று தனியாக எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் விட்ட அனுமானங்களும் இருக்கும் என்பதால் அதோடு நின்றுவிடவும் முடியாது. இன்னொன்று, நீங்கள் போட்ட விடையை முதலில் அதனிடம் காட்டிவிடாதீர்கள். காட்டினால் அதை ஒட்டியே பேசும். தனித்தனியாகப் போட்டு அப்புறம் ஒப்பிட்டால்தான் அது இரண்டாவது கணக்கு.

எந்த சாட்பாட்டை நம்பலாம் என்று கேட்டீர்கள். பெயர் சொல்லமாட்டேன், சில மாதங்களில் எல்லாம் மாறிவிடும். எதுவாக இருந்தாலும் டிராயிங்கில் கையெழுத்துப் போடும் இடம் அதற்குக் கிடையாது. அங்கே உங்கள் பெயரும் உங்கள் சீனியர் பெயரும்தான் இருக்கும்.

அந்த சீனியரைப் பற்றி ஒரு வார்த்தை. "தொங்கிடும்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் என்றால், விட்டுவிடாதீர்கள். நாளைக்கே அவரிடம் போய், "எதைப் பார்த்துச் சொன்னீங்க சார்?" என்று கேளுங்கள். பெரும்பாலானவர்களுக்குத் தாங்கள் எதைப் பார்த்தோம் என்று உடனே சொல்லத் தெரியாது, யோசிப்பார்கள். அந்த யோசனையில் வெளிவருவதை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். யாரும் இதைக் கேட்பதில்லை என்ற வருத்தம் எங்களைப் போன்றவர்களுக்கு உண்டு. அவர் சந்தோஷமாகத்தான் சொல்வார்.

அப்புறம் ஷாப்பில் அந்த 50×10 ஃபிளாட்டின் துண்டு ஒன்று கிடக்கும். அரை மீட்டருக்கு மேல் நீளம் இருந்தால் போதும். வைஸில் இறுக்கி, 400 மி.மீ. வெளியே நிற்கும்படி கிடத்திப் பிடித்து, நுனிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். ஏறக்குறைய இரண்டரை மி.மீ. இறங்கவேண்டும். வைஸ் பிடி முழு இறுக்கமாக இருக்காது என்பதால் கொஞ்சம் கூடவே இறங்கலாம். பிறகு பட்டையை நிறுத்திப் பிடித்து அதே எடையைத் தொங்கவிட்டால் கணக்குப்படி 0.1 மி.மீ.; அந்த ஸ்கேலில் உங்கள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதை முடித்துவிட்டு, நீளத்தை 300 ஆக்கிக் கிடத்தினால் எவ்வளவு இறங்கும் என்று முதலில் தாளில் எழுதுங்கள். எழுதிய பிறகு தொங்கவிட்டு அளந்து, இரண்டு எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.